ஊக்கம் குறைந்தது யாருக்கு?

"ஆளுங்களுக்கு மோட்டிவேஷனே இல்ல சார்."

முப்பத்தோரு வருடத் தொழிற்சாலை வாழ்க்கையில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். உற்பத்தி குறைந்தால் இது. ரிஜெக்‌ஷன் ஏறினால் இது. நைட் ஷிஃப்டுக்கு ஆள் வராவிட்டாலும் இதுவே. சொல்கிறவர் முதலாளியாக இருப்பார், மேனேஜராக இருப்பார். சில சமயம், போன மாதம்வரை மெஷினில் நின்றுவிட்டு இந்த மாதம் சூப்பர்வைசர் ஆன தம்பியாகவும் இருப்பார். நோயைச் சொன்ன வாயே மருந்தையும் சொல்லிவிடும்: ஒரு பேச்சாளரைக் கூப்பிடலாம், நாலு போஸ்டர் ஒட்டலாம், மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று ஒருவருக்கு மேடையில் குக்கர் கொடுக்கலாம்.

நோயும் தவறு, மருந்தும் தவறு. வேலைக்கு வருகிறவன் வெறும் பாத்திரமாக வருகிறான், அதில் ஊக்கத்தை ஊற்றி நிரப்புவதுதான் தலைமை என்ற எண்ணம் பட்டறையிலிருந்து ஐ.டி. அலுவலகம்வரை, வங்கிக் கிளையிலிருந்து பள்ளிக்கூட ஆசிரியர் அறைவரை பரவிக் கிடக்கிறது. நான் 1993-ல் ஐ.டி.ஐ. டர்னர் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்ரண்டிஸாக நுழைந்தவன். ஆபரேட்டர், செட்டர், சூப்பர்வைசர் என்று ஒவ்வொரு படியாக ஏறி, கடைசிப் பத்து வருடம் ஒரு பிளாண்டைப் பார்த்துக்கொண்டவன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: பாத்திரம் நிறைந்துதான் வருகிறது. உள்ளே வந்த பிறகு நாம்தான் அதில் ஓட்டை போடுகிறோம்.

நம்ப முடியாதவர்கள், புதிதாகச் சேரும் பையனை முதல் நாள் பார்க்கட்டும். ஷிஃப்ட் ஆறு மணிக்கு என்றால் ஐந்தரைக்கே கேட்டில் நிற்பான். செய்யாறு பக்கமோ திருவண்ணாமலை பக்கமோ ஏதோ ஒரு கிராமத்திலிருந்து வந்து, ஐந்து பேரோடு ஒரே அறையில் தங்கியிருப்பான். ஆனால் யூனிஃபார்மில் அயர்ன் மடிப்பு கலைந்திருக்காது. "இது எதுக்குண்ணே, அது எதுக்குண்ணே" என்று பக்கத்து மெஷின்காரரைத் துளைத்து எடுப்பான். சாயந்திரம் அம்மாவுக்கு போன் செய்து தான் நிற்கும் மெஷினின் பெயரைச் சொல்வான். ஆறு மாதம் கழித்து அதே பையனைப் பாருங்கள். கேள்விகள் நின்றிருக்கும். சைரனுக்குப் பத்து நிமிடம் முன்பே கை கழுவப் போயிருப்பான். இந்த ஆறு மாதத்தில் அவன் பிறப்பு மாறவில்லை, வளர்ப்பு மாறவில்லை. புதிதாக வந்து சேர்ந்தது, தினமும் எட்டு மணி நேரம் அவன் நின்ற இடம் மட்டும்தான். அந்த இடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், "இந்தக் காலத்துப் பசங்களே இப்படித்தான்" என்று முடித்துவிடுகிறோம்.

ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் என் மனத்தை முதலில் திருப்பியது அதுதான். புத்தகங்களெல்லாம் பிறகு வந்தன.

நான் உற்பத்திப் பிரிவு மேனேஜராக இருந்தபோது ஒரு சி.என்.சி. லேத்தில் வார்ப்பிரும்புப் பாகம் ஒன்றுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தோம். 25 மில்லிமீட்டர் துளை. அளவு கூடலாம், ஆனால் 21 மைக்ரானுக்கு மேல் கூடக் கூடாது, குறையவே கூடாது. ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த இடைவெளி அது. ரிஜெக்‌ஷன் ஏறிக்கொண்டே போனது. கெட்ட பீஸ்களைப் போடும் சிவப்புப் பெட்டி ஒவ்வொரு ஷிஃப்டிலும் நிறைந்தது. மாதாந்திரக் கூட்டத்தில் மேலே இருந்தவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: ஆபரேட்டர்களுக்கு அக்கறை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பெயர் பெற்ற பேச்சாளர் ஒருவரை வரவழைத்தோம். நன்றாகத்தான் பேசினார். கழுகு கதை, எறும்பு கதை, தன் அப்பாவின் கதை. சிலர் கண் கலங்கினார்கள். மத்தியானம் சாப்பாடு. திங்கட்கிழமை காலை சிவப்புப் பெட்டி வழக்கம்போல நிறைந்தது.

அந்த வாரத்திலேயே ஒருநாள், சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றேன். ஆபரேட்டர் என்னைவிட வயதில் மூத்தவர். அவரை நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை சார் என்பார். மெஷினை ஆன் செய்தார். முதல் பீஸ் வெளியே வந்தது. போர் கேஜை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சிவப்புப் பெட்டியில் வைத்தார். இரண்டாவதும் சிவப்புப் பெட்டி. மூன்றாவதுக்கு ஆஃப்செட் கொஞ்சம் மாற்றினார், அப்படியும் நிற்கவில்லை. ஏழாவது பீஸில் அளவு வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு ஒரு மணி நேரம் ஒரு பீஸ்கூடக் கெடவில்லை.

"ஏண்ணே, முதல் ஆறு பீஸ் மட்டும் போவுது?"

"மெஷின் சூடாவணும் சார்."

"முன்னாடி இப்படிப் போகலையே?"

"முன்னாடி சாப்பாட்டு நேரத்துல மெஷினை நிறுத்த மாட்டேன் சார். லோட் இல்லாம சும்மா ஓடவிட்டுட்டுப் போவேன்."

"இப்ப ஏன் நிறுத்துறீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேஜைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மெமோ குடுத்தீங்களே சார்."

நினைவு வந்தது. மின்கட்டணத்தைக் குறைக்க, இடைவேளைகளில் எல்லா மெஷினையும் நிறுத்த வேண்டும் என்று ஓர் உத்தரவு போட்டிருந்தோம். இவர் மட்டும் நிறுத்தவில்லை என்று எலக்ட்ரிகல் பிரிவிலிருந்து புகார் வந்தது. விளக்கம் கேட்டு மெமோ போனது. கீழே இருந்தது என் கையெழுத்து. அவர் எழுதிக் கொடுத்த விளக்கத்தை நான் படித்ததாக எனக்கு நினைவில்லை.

கணக்குப் பெரிய கணக்கும் இல்லை. ஒரு மீட்டர் நீள எஃகு ஒரு டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். டூலை நகர்த்தும் பால் ஸ்க்ரூ கால் மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் அது பத்து டிகிரி ஆறினால் 30 மைக்ரான் சுருங்கும். நமக்கு அனுமதித்த இடைவெளியே 21. இந்தக் கணக்கை எழுதிப் போடத் தெரியாமலே அந்த மனிதர் பல வருடமாக அதற்கேற்ப நடந்திருக்கிறார். தன் சாப்பாட்டு நேரத்திலும் மெஷினின் சூட்டைப் பற்றி நினைத்தவர் அவர். அவருக்கு நாங்கள் கொடுத்தது முதலில் ஒரு மெமோ, அடுத்து அக்கறை பற்றி இரண்டு மணி நேர உபதேசம். மண்டபத்தில் நாலாவது வரிசையில் உட்கார்ந்து அவரும் கைதட்டினார், நான் பார்த்தேன்.

உத்தரவைத் திரும்பப் பெற்றோம். சின்ன வார்ம்-அப் புரோகிராம் ஒன்றை எழுதி எல்லா மெஷினிலும் ஏற்றினோம். சிவப்புப் பெட்டி அடங்கியது. ஆனால் அவர் பழையபடி ஆக வருடம் ஒன்றுக்கு மேல் ஆனது. ஒரு மனிதனின் அக்கறைக்குத் தண்டனை கொடுத்துவிட்டால், தண்டனையை ரத்து செய்வதோடு அது திரும்பி வந்துவிடாது.

இது ஒரு பட்டறையின் தனிக் கதை என்று சொல்லலாம். அப்படியில்லை என்று டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங் வாழ்நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தார். புள்ளியியல்காரர், 1950-ல் ஜப்பானுக்குப் போய் அங்கே பொறியாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் தரக் கட்டுப்பாடு கற்பித்தவர். தன் வகுப்புகளில் அவர் ஒரு பரிசோதனை செய்து காட்டுவார். ஒரு பெட்டியில் வெள்ளை மணிகளும் சிவப்பு மணிகளும் கலந்திருக்கும். ஐந்தில் ஒன்று சிவப்பு. வகுப்பில் இருப்பவர்களிலிருந்து ஆறு பேரைத் தொழிலாளிகளாக மேடைக்கு அழைப்பார். 50 குழிகள் உள்ள ஒரு தட்டைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும். சிவப்பு மணி என்றால் பழுது. வெள்ளை மட்டும்தான் வர வேண்டும். முதல் சுற்றில் குறைவாகச் சிவப்பு எடுத்தவருக்குப் பாராட்டு, சம்பள உயர்வு. அதிகம் எடுத்தவருக்குத் திட்டு. அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவர் அதிகச் சிவப்பு எடுப்பார். "தலைக்கனம் வந்துவிட்டது" என்பார் டெமிங். திட்டு வாங்கியவருக்குக் குறைந்திருக்கும். "கண்டிப்பு வேலை செய்தது" என்பார். நடுவில் போஸ்டர், எச்சரிக்கை, கடைசியில் வேலை நீக்கம்.

மேடையில் நின்ற ஆறு பேரும் மனதார முயன்றவர்கள். அவர்களால் ஒரு சிவப்பு மணியைக்கூடக் குறைக்க முடியாது, ஏனென்றால் பெட்டியை நிரப்பியது அவர்கள் இல்லை. பெட்டியை நிரப்பியவர் மேடையின் மறுபக்கம் நின்று திட்டிக்கொண்டிருந்தார். நிர்வாகத்துக்கு டெமிங் வகுத்த 14 கோட்பாடுகளில் பத்தாவது, தொழிலாளர்களை நோக்கிய முழக்கங்களையும் அறிவுரைகளையும் அகற்றச் சொல்கிறது. எட்டாவது, அச்சத்தை விரட்டச் சொல்கிறது. பன்னிரண்டாவது, செய்நேர்த்தியில் ஒருவன் கொள்ளும் பெருமிதத்தைத் தடுப்பவற்றை நீக்கச் சொல்கிறது. மூன்றிலும் வினைச்சொல் எடுப்பதுதான், விலக்குவதுதான். ஊட்டச் சொல்லும் ஒரு வரியும் அவற்றில் இல்லை.

டெமிங் பெயரிலான பரிசை ஜப்பானியர்கள் 1951 முதல் கொடுத்து வருகிறார்கள். 1998-ல் அதை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் நம் ஊர்க் கம்பெனி. பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு. 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் வாங்கியது. அந்த வருடங்களில் எஸ்டேட் முழுக்க ஒரு வேகம் இருந்தது. சின்னச் சின்ன சப்ளையர் பட்டறைகளிலும் சுவரெல்லாம் சார்ட் ஏறியது, தரையில் மஞ்சள் கோடு விழுந்தது, வாசலில் ஆலோசனைப் பெட்டி தொங்கியது. நான் வேலை பார்த்த இடத்திலும் தொங்கியது. பூட்டு துருப்பிடித்து ஒருநாள் உடைத்துத் திறந்தபோது உள்ளே ஒன்றரை வருடத்துக்கு முந்தைய சீட்டுகள் இருந்தன. ஒன்றில் கூலன்ட் பைப் ஒழுகுவதாக எழுதியிருந்தது. பைப் அன்றும் ஒழுகிக்கொண்டிருந்தது. பரிசு வாங்கியவர்களிடமிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டோம். திறந்து படித்துப் பதில் சொல்லும் உழைப்பை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆள் அதே ஆளாக இருக்க, நிர்வாகம் மட்டும் மாறினால் என்ன ஆகும்? உலகத்தில் யாராவது இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் கார் ஆலை அங்கே இருந்தது. வேலைநிறுத்தங்கள், வேலை நேரத்தில் குடி, ஐந்தில் ஒருவர் வராத நாட்கள். நாட்டிலேயே மோசமான தொழிலாளிகள் என்று பெயர். 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவோடு கூட்டாக அதே ஆலையை 'நம்மி' என்ற பெயரில் திறந்தபோது, பெரும்பாலும் அதே ஆட்களைத்தான் திரும்ப எடுத்தார்கள். சங்கமும் அதே சங்கம். நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானில் உள்ள டொயோட்டா ஆலைக்கு அனுப்பி, அங்கே மெஷின்களுக்கு நடுவில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தார்கள். திரும்பி வந்தவர்களின் தலைக்கு மேலே ஒரு கயிறு கட்டியிருந்தது. வேலையில் ஒரு குறை கண்டால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். டீம் லீடர் ஓடி வருவார். அதற்குள் தீராவிட்டால் லைனே நிற்கும். பழைய ஆலையில் லைன் நிற்பது பெருங்குற்றம். குறையோடு கார் போகட்டும், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்பதே அங்கே சட்டம்.

ஒன்றிரண்டு வருடத்துக்குள் அந்த ஆலையின் கார்கள் ஜெனரல் மோட்டார்ஸிலேயே சிறந்த தரம் என்று பெயர் வாங்கின. வராமல் இருப்போர் கணக்கு மளமளவென்று இறங்கியது. விற்பனை சரிந்த காலத்தில் ஆளை வெளியே தள்ளாமல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், "அது ஜப்பான்காரன் பண்பாடு சார், நம்ம ஆளுக்கு வராது" என்று ஒருவராவது சொல்வார். ஃப்ரீமாண்டில் வேலை செய்தவர்கள் ஜப்பான்காரர்கள் இல்லை. குடித்துவிட்டு வருகிறார்கள் என்று திட்டு வாங்கிய அதே அமெரிக்கர்கள். 2010-ல் ஆலை மறுபடி மூடியதற்கு அவர்கள் காரணம் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகி விலகியது, டொயோட்டாவும் பின்வாங்கியது.

அடுத்து, பரிசும் இன்சென்டிவும். பேச்சால் முடியாததைப் பணத்தால் முடிக்கலாம் என்கிறவர்கள் கொஞ்சம் நடைமுறை தெரிந்தவர்கள் போலத் தோன்றும். எண்ணிக்கைக்கு இன்சென்டிவ் வைத்த இடத்தில் நான் வேலை செய்திருக்கிறேன். எண்ணிக்கை ஏறியது உண்மை. கெட்ட பீஸ்கள் நல்ல பெட்டியின் அடியில் போனதும் உண்மை. தேய்ந்த டூலை மாற்ற நிற்கும் நாலு நிமிடம் ஆபரேட்டருக்குச் சொந்த நஷ்டமாகத் தெரிந்ததால், டூலை முறியும்வரை ஓட்டினார்கள். பக்கத்து மெஷினில் தடுமாறும் புதுப்பையனுக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் நகரவில்லை. இதுவே பெரிய அளவில் நடந்தால் எங்கே போய் முடியும் என்பதை அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் பார்த்தோம். ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் இத்தனை கணக்கு என்று ஊழியருக்கு இலக்கு வைத்தார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. செப்டம்பர் 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. ஏறக்குறைய 5,300 ஊழியர்களை வங்கி வேலையை விட்டு நீக்கியிருந்தது. டெமிங்கின் மேடையில் சிவப்பு மணி எடுத்தவர்களை நீக்கியது போலத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பணம் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எந்த முதலாளியும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-ல் எழுதிய ஆய்வை அப்படித்தான் பலர் தங்களுக்குச் சாதகமாக வளைத்துக்கொண்டார்கள். பிட்ஸ்பர்க் வட்டாரத்து இருநூறு பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு, மனநிறைவு வேலையிலிருந்தும் அதில் கிடைக்கும் சாதனையிலிருந்தும் வருகிறது, கசப்பு பெரும்பாலும் விதிகள், மேற்பார்வை, சம்பளம் போன்றவற்றிலிருந்து வருகிறது என்றார். சம்பளத்தில் அநியாயம் இருந்தால் கசப்பு வரும் என்பதும் அந்த ஆய்வுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பாதியை மறைத்துவிட்டு, "பாராட்டினாலே போதும், சம்பளம் இரண்டாம்பட்சம்" என்று பயிற்சி வகுப்பில் சொல்கிறார்கள்.

அந்த அநியாயம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஒரே மெஷின், ஒரே பாகம், ஒரே டார்கெட். பகல் ஷிஃப்டில் நிற்பவர் நிரந்தரத் தொழிலாளி. இரவு ஷிஃப்டில் அதே இடத்தில் நிற்பவர் கான்ட்ராக்ட். சம்பளம் பாதிக்கும் கீழே, கேன்டீனில் டோக்கன் நிறம் வேறு, தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அளவு வேறு. வருடக்கணக்காக 'டிரெயினி' என்ற பட்டையோடு நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை கற்றுக்கொண்டு நிரந்தரம் ஆனவர்களும் இருக்கிறார்கள். அப்படி நிற்கும் ஒருவரை உட்காரவைத்து, "இது உங்கள் கம்பெனி என்று நினையுங்கள்" என்று பேசுவது கொடுமை. அவர் நினைக்கத் தயார்தான். கம்பெனி நினைக்கவில்லை. கூட வேலை செய்பவர்களைப் பெல் கர்வில் வரிசைப்படுத்தி, இத்தனை சதவீதம் பேர் கடைசியில்தான் இருந்தாக வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்யும் அலுவலகங்களுக்கும் இதையே சொல்வேன். அந்த முறையை ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் பிரபலப்படுத்தினார். மைக்ரோசாஃப்ட் 2013-ல் தலைமுழுகியது. நம் ஊரில் இன்னும் சில அலுவலகங்களில் ஏப்ரல் மாதம் பிள்ளைகள் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

"அப்போ சோம்பேறியே கிடையாதா?" உண்டு. நிஜமாகவே வேலை செய்ய மனமில்லாதவர்கள் என்று நான் சொல்லக்கூடியவர்கள் என் கைவிரல்களுக்குள் அடங்குவார்கள். அவர்களோடு நேருக்கு நேர், கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும். சரிவராவிட்டால் முறைப்படி அனுப்ப வேண்டும். அதற்குத் துணிவில்லாத மேனேஜர்தான் ஐந்து பேருக்காக ஐந்நூறு பேருக்குச் சட்டம் போடுகிறார், பாத்ரூம் போக ரெஜிஸ்டர் வைக்கிறார், கேமரா மாட்டுகிறார். அந்த ஐந்து பேர் கேமராவுக்கும் வழி கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்கள்தான் நொந்துபோவார்கள்.

ஊக்கம் பற்றிப் பேசுகிறவர்கள் திருக்குறளைத் துணைக்கு அழைப்பார்கள். ஊக்கமுடைமை 60-ஆவது அதிகாரம், மடியின்மை 61, ஆள்வினையுடைமை 62. தொழிலாளிக்குச் சோம்பலின் கேட்டைச் சொல்ல இவற்றிலிருந்துதான் எடுத்துப் போஸ்டர் அடிக்கிறார்கள். இந்த மூன்றும் எந்தப் பகுதியில் வருகின்றன என்று புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பொருட்பாலில், அரசியல் என்ற பகுதியில் வருகின்றன. பரிமேலழகர் கொண்ட வகுப்பின்படி 39 முதல் 63 வரை இருபத்தைந்து அதிகாரமும் ஆள்கிறவனுக்கு உரியவை. மடியை விடச் சொன்னது முதலில் ஆள்கிறவனைப் பார்த்து. அதே வரிசையில் 42-ஆவது அதிகாரத்தின் பெயர் கேள்வி. காது கொடுத்துக் கேட்பதைப் பற்றியது. எத்தனையோ கான்ஃபரன்ஸ் ஹால்களில் குறள் பலகை பார்த்திருக்கிறேன். கேள்வி அதிகாரத்திலிருந்து ஒரு குறளை எழுதி மேனேஜர் நாற்காலிக்கு எதிரே மாட்டிய இடம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மேஸ்திரி. முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருப்பார், காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். "நல்லா பண்ணு", "கவனமா பண்ணு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. பழைய சென்டர் லேத்தில் த்ரெட் வெட்டும்போது, டூல் தோள்பட்டையில் போய் முட்டுவதற்கு முன் ஹாஃப் நட்டை விலக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் டூலும் போகும், வேலையும் போகும். பயத்தில் நான் ரொம்ப முன்கூட்டியே விலக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்க்ராப்பிலிருந்து ஒரு ராடைக் கொண்டுவந்து சக்கில் மாட்டினார். "தம்பி, இது உன்னுது. இதைக் கெடு. டூல் முட்டுனா எப்படி சத்தம் வரும்னு கேளு" என்றார். முட்டவிட்டேன். அந்தச் சத்தமும் கையில் ஏறிய அதிர்வும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. இரண்டாவது தடவை சரியாக விலக்கினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டிங் சத்தத்தைக் கேட்கச் சொன்னார். சத்தம் கிறீச்சிட ஆரம்பித்தால் டூலைப் பார். சீவல் கருநீலமாக வந்தால் வேகத்தைப் பார். கெடுப்பதற்கு எனக்கென்று ஒரு துண்டை ஒதுக்கிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு பல லட்சம் செலவில் நடந்த தலைமைப் பயிற்சிகளில் உட்கார்ந்திருக்கிறேன். அவற்றில் கெடுப்பதற்கு ஒன்றும் தரப்படவில்லை, அதனால் கற்கவும் ஒன்றுமில்லை.

பேச்சாளர்கள்மேல் எனக்குப் பகை இல்லை. துவண்டு கிடக்கும் ஒருவருக்கு ஒரு நல்ல பேச்சு அன்றைய இரவைக் கடக்க உதவலாம், எனக்கே உதவியிருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சை நிர்வாகம் காசு கொடுத்து வாங்கும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. குறை உன்னிடம் இருக்கிறது என்று தொழிலாளியிடம் சொல்வதற்கான மரியாதையான வழி ஆகிவிடுகிறது.

பிளாண்ட் என் பொறுப்புக்கு வந்தபோது, காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம் எல்லோரும் நிற்போம் என்று வைத்தேன். நைட் ஷிஃப்ட் முடித்தவர்களும் நிற்பார்கள். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "நேத்து உங்க வேலையை எது தடுத்துச்சு?" முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. பதினோரு நாள் அந்த அமைதியில் நின்றேன். சூப்பர்வைசர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டாம் நாள் நைட் ஷிஃப்ட்காரர் ஒருவர், கையைக் கட்டிக்கொண்டு, "ஸ்டோர்ஸ் சாவி சார்" என்றார்.

ராத்திரி ஸ்டோர்ஸைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். டூலின் வெட்டும் முனையான இன்சர்ட் தேய்ந்தால் மாற்று கிடையாது. விடியும்வரை மொட்டை இன்சர்ட்டில்தான் ஓட்ட வேண்டும். காலையில் அளவு போய்விட்டது என்று திட்டும் அவர்களுக்குத்தான். இது எத்தனை வருடமாக என்று கேட்டேன். நான் சேர்ந்ததிலிருந்தே இப்படித்தான் என்றார். அவர் சேர்ந்து ஒன்பது வருடம்.

அன்றைக்கே மாற்றுச் சாவி போட்டு, ஷிஃப்டில் மூத்தவரிடம் ஒரு ரெஜிஸ்டரோடு கொடுத்தோம். ஸ்டோர்கீப்பர் கொதித்தார், ஒரு மாதத்தில் பாதிச் சரக்கு வெளியே போய்விடும் என்றார். மாதக் கடைசியில் அவரே உட்கார்ந்து எண்ணினார். ரெஜிஸ்டரும் இருப்பும் கடைசி இன்சர்ட்வரை ஒத்துப்போனது.

மனிதர்கள் முதலில் சின்ன விஷயத்தைத்தான் சொல்வார்கள். அதற்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பார்கள். சாவி வந்த மறுநாள் மூன்று பேர் பேசினார்கள். இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் நிற்கும் பெண், லைட் இருக்கும் இடத்தால் தன் கை நிழலே பீஸ்மேல் விழுவதாகச் சொன்னார். இன்னொருவர் ஃபிக்ஸ்சரில் ஒரு பின் தேய்ந்திருப்பதாகச் சொன்னார். மூன்றாமவர் கான்ட்ராக்ட், அதே வேலைக்கு ஏன் எங்களுக்குப் பாதிச் சம்பளம் என்று கேட்டார். மூன்றையும் போர்டில் எழுதினேன். லைட்டும் பின்னும் அந்த வாரமே முடிந்தது. மூன்றாவதை மேலே கொண்டுபோனேன். சிலருக்கு நிரந்தரம் கிடைத்தது, பலருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியைப் போர்டிலிருந்து அழிக்கும்படி இரண்டு தடவை என்னிடம் சொன்னார்கள். நான் விலகிய நாள்வரை அந்த வரி போர்டில் இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் தேதியை மட்டும் மாற்றி எழுதினேன்.